பஸ் வரும் வேளையை முன்னறிதல்

போர்ட் பிளேர் என நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரின் ஒரு பகுதி ஜங்லிகாட். மீன்பிடித் துறையும் நெருங்கிய குடியிருப்புகளும் உள்ள இடம். மீன் விற்கச் செல்வோர், மாணவர், நோயாளிகள், தீவுகளைக் காண வரும் உல்லாசப் பிரயாணிகள் ஆகிய அனைவருடைய கேள்வியும் ஒன்றே: பஸ் எப்போது வரும்? இதற்கு விஞ்ஞானம் எத்தகைய விடையளித்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இருபது நிமிஷத்திற்கு ஒரு பஸ் தவறாது வருமாயின், எண்ணிய வேளையில் நிறுத்தத்திற்கு வரும் பிரயாணி சராசரியாகப் பத்து நிமிஷம் காத்திருப்பார். அதே பஸ்கள் பத்து நிமிஷம், முப்பது நிமிஷம் என மாறி மாறி வருவதாகக் கொள்வோம். சராசரி இடைவெளி இருபதே. எனினும், பிரயாணிகளில் நான்கில் மூன்று பங்கினர் நீண்ட இடைவெளியிலேயே அகப்படுவர். ஆகவே சராசரிக் காத்திருப்பு பன்னிரண்டரை நிமிஷமாகிறது. பஸ்களின் எண்ணிக்கை குறையாமலே மக்களின் காலம் வீணாகும் விதம் இதுவே.

இவ்வொழுங்கின்மை தானே வளரும் இயல்புடையது. சற்றுத் தாமதித்த பஸ்ஸுக்கு நிறுத்தந்தோறும் மிகுதியான கூட்டம் காத்திருக்கும். ஏற்றிக்கொள்வதில் மேலும் தாமதம் நேரும். பின்வரும் பஸ்ஸுக்கோ கூட்டம் குறைவு. அது விரைந்து முன்னதை நெருங்கிவிடும். இதனை நியூவெல், பாட்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1964-இல் கணித முறையில் விளக்கினர்.

லண்டன் நகரம் 1992-இல் நிறுத்தங்களில் வருகை நேரம் காட்டும் பலகைகளைச் சோதனையாக அமைத்தது. சென்னையில் 2022 முதல் கைப்பேசி வாயிலாக மாநகரப் பஸ்களின் இருப்பிடத்தை அறிய வசதி ஏற்பட்டது. இவற்றின் அடிப்படை எளியது: செயற்கைக்கோள் உதவியால் பஸ்ஸின் இருப்பிடத்தை அறிதல், அவ்வேளையில் அவ்வழியைக் கடக்க வழக்கமாக ஆகும் காலத்தைக் கூட்டுதல், சற்று முன் சென்ற பஸ்ஸின் அனுபவத்தைக் கொண்டு அதனைத் திருத்துதல்.

எனினும், ஒரே எண்ணை அறிவிப்பது போதாது என்பது நமது அபிப்பிராயம். ‘பத்து நிமிஷம்’ என்று அறிவித்த பஸ் ஆறாவது நிமிஷத்தில் வந்து சென்றுவிட்டால், அறிவிப்பை நம்பியவரே அதனைத் தவறவிடுகிறார். பதினான்காவது நிமிஷத்தில் வந்தாலோ, ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பல் ஏற வேண்டியவர் கப்பலைத் தவறவிடக்கூடும். முன்னவருக்குத் தேவை கீழெல்லை. பின்னவருக்குத் தேவை மேலெல்லை. ‘ஆறு முதல் பதினான்கு நிமிஷத்திற்குள்’ என்னும் அறிவிப்பே இருவருக்கும் பயன்படும்.

அந்தமான் பெருவழியில் இவ்வுண்மை மேலும் தெளிவாகிறது. ஜாரவா மக்களின் ஒதுக்கிடப் பகுதியைக் கடக்கும் வாகனங்கள் ஜிர்காடாங்கில் ஒன்றுகூடி, குறித்த வேளைகளில் மட்டுமே அணியாகச் செல்ல வேண்டும். சிறிது தாமதித்த பஸ் அணியைப் பிடித்துவிட்டால் அத்தாமதத்தால் பெரிதும் தீங்கில்லை. ஒரு நிமிஷத்தில் தவறவிட்டாலோ அடுத்த அணிவரை நிற்க வேண்டும். இரு வாய்ப்புகளுக்கும் சராசரி எடுத்தால், எந்தப் பஸ்ஸும் வாராத ஒரு வேளையே கிடைக்கும். ‘அணி கிடைத்தால் இன்ன நேரம், தவறினால் இன்ன நேரம்’ என்று உரைப்பதே நேர்மையான முன்னறிவிப்பாம்.

ஆதலின், பலகைகளுக்குச் செலவிடுமுன் பஸ்களின் இடைவெளியைச் சீராக்குதல் வேண்டும். முன்னறிவிப்பில் எல்லைகளைக் கூறுவதோடு, சென்ற மாதம் அறிவிப்புகள் எந்த அளவிற்குப் பலித்தன என்பதையும் வெளியிடுதல் வேண்டும்.

இப்பணிக்கு விலையுயர்ந்த கருவிகள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெளிக்கள ஊழியர் மழை நாள், கப்பல் வரும் நாள், விடுமுறை நாள் என வகைப்படுத்திக் குறிப்பெடுக்கலாம். ஆசிரியர்கள், கைக்கடிகாரமும் குறிப்பேடும் கொண்டு, ஒரு நிறுத்தத்தில் ஒரு வாரம் பஸ் வரும் நேரங்களை மாணவரைக் கொண்டு பதிவு செய்விக்கலாம். சராசரிக்கும் ஒழுங்குக்கும் உள்ள வேற்றுமையை மாணவர் தம் ஊர்ச் சாலையிலேயே கற்பர். ஊருக்கும் பயனுள்ள கணக்கு ஒன்று கிட்டும்.