தோமாவும் தோம்பும்

தெஹிவளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் கையில் அடிக்கடி திணிக்கப்படும் துண்டுப்பிரசுரம் அது. மஞ்சள் தாள், தடித்த எழுத்து. நம் விசுவாசம் பறங்கியன் கப்பலில் வந்ததல்ல, 1505க்கு வெகுமுன்பே அப்போஸ்தலர் காலத்திலேயே வந்தது என்கிறது. கொட்டாஞ்சேனைத் திருநாள் பிரசங்கத்திலும் இதைக் கேட்டேன். வெள்ளவத்தையில் ஒரு செத்தவீட்டிலும் கேட்டேன். எழும்பிப் போயிருப்பேன், பெட்டிக்குள் கிடந்தது என் மச்சான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் என்பதால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல்.

முதலில் அப்போஸ்தலர் தோமா. அவர்கள் நீட்டும் மிகப் பழைய ஆதாரம் 3ஆம் நூற்றாண்டளவில் சிரிய மொழியில் எழுந்த 'தோமாவின் பணிகள்'. அதில் வரும் அரசன் கொண்டபோரஸின் நாணயங்கள் கிடைப்பது தட்சசீலப் பக்கம். தோமா வந்ததாக இவர்கள் சொல்லும் மயிலாப்பூர் எங்கே, அது எங்கே? அதே நூலில் கழுதை பேசுகிறது, மணமக்கள் முதலிரவிலேயே தாம்பத்தியத்தைத் துறக்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் கல்யாணப் பூசையில் யாரும் வாசிக்கக் காணோம். ஜிந்துப்பிட்டியில் தோமையார் பெயரில் கோயில் இருப்பதும் ஆதாரமாம். அப்படியானால் அந்தோனியார் கொச்சிக்கடையில் காணி வாங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது வள்ளுவர். 1886இல் குறளை மொழிபெயர்த்த போப் ஐயர், வள்ளுவர் கிறிஸ்தவப் போதனை கேட்டிருக்கலாம் என்று ஓர் ஊகமாகச் சொன்னதைத் தெய்வநாயகம் போன்றோர் கோபுரமாகக் கட்டினார்கள். தோமாவும் மயிலாப்பூர், வள்ளுவரும் மயிலாப்பூர், ஆகவே குருவும் சீடனும். சரி, யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தைத் திறவுங்கள். உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுக் கொடுக்கிறார். அன்று வள்ளத்தில் போனவர்களில் தோமாவும் ஒருவர். அந்தக் கையால் மீன் தின்றவரிடம் படித்தவர் புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே பாடினாராம். ஊழ் என்று இன்னொன்றும். வாத்தியார் சரியில்லையா, பிள்ளை வகுப்பில் நித்திரையா?

இவர்களின் தங்கச் சுரங்கம் அநுராதபுரச் சிலுவை. 1912இல் அகழ்வில் கிடைத்த கருங்கல் தூண்துண்டு. மழமழப்பான முகத்தில் உட்குழிவாகச் செதுக்கிய சிலுவை, அடியில் இருபுறமும் விரியும் இலை. ஆண்டு பொறிக்கப்படவில்லை. 1924இல் ஹோகார்ட் இதைப் போர்த்துக்கேயச் சிலுவை என்றார். 1926இல் கொட்ரிங்டன் பாரசீகக் கிறிஸ்தவருடையது என்றார். துண்டுப்பிரசுரத்தில் ஹோகார்ட் இல்லை. போகட்டும், கொட்ரிங்டன் சொன்னதே சரி என்று நானும் வைத்துக்கொள்கிறேன். அவர் சாட்சிக்கு அழைத்தது 6ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரிய வணிகர் கொஸ்மாசை. பூமி தட்டை, உலகம் மோசேயின் கூடாரம்போல ஒரு பெட்டி என்று பிடிவாதமாக எழுதியவர் அவர். அவர் இலங்கையைப் பற்றிச் சொல்வது என்ன? இங்கே குடியேறிய பாரசீகருக்கு ஒரு கோயில் உண்டு, குரு பாரசீகத்திலிருந்து நியமிக்கப்படுகிறார். நம் பிரசங்கி அந்த இடத்தில் மூச்சு வாங்கி 'ஆமென்' போடுகிறார். அடுத்த வசனத்தை வாசியுங்கள் ஐயா: இந்நாட்டு மக்களும் அரசர்களும் அந்த மதத்தார் அல்லர் என்கிறார் கொஸ்மாஸ். வியாபாரிகள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட வழிபாட்டிடம், அவ்வளவுதான். புறக்கோட்டையில் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தை ஒரு பார்சிக் குடும்பம் கட்டியது. அதற்காகக் கொழும்பான் ஆதியில் அக்கினியை வணங்கினான் என்று எவரும் நோட்டீஸ் அடிப்பதில்லை.

அந்தப் பாரசீகர் யார்? நெஸ்தோரியர் என்று நம் திருச்சபை ஒதுக்கிவைத்தவர்கள். நெஸ்தோரியஸ் 431இல் எபேசுவில் கண்டிக்கப்பட்டார். 1599இல் மலையாளக் கரையில், உதயம்பேரூரில் சங்கம் கூட்டிய கோவாப் பேராயர் அந்த மரபின் சிரிய ஏடுகளைத் தேடித்தேடி எரிக்க வைத்தார். வீட்டைக் கொளுத்தியவர்களிடம் ஞானஸ்நானம் வாங்கிய நாங்கள், இன்று எரிந்த வீட்டுக்காரனின் பெயரில் உறுதி முடிக்கக் கந்தோரில் நிற்கிறோம்.

உறுதி வேண்டுமென்றால் தோம்பு என்ற பழைய பதிவேட்டைப் பார்க்கலாமே. ஒல்லாந்தர் பாடசாலைத் தோம்பில் நம் முன்னோரின் ஞானஸ்நானமும் விவாகமும் வரிவரியாக இருக்கின்றன. அதில் பேர் விழாவிட்டால் முதுசத்துக்குச் சிக்கல் என்று பயந்து ஞானஸ்நானம் வாங்கியவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அதைப் பிரசங்கத்தில் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

1544இல் மன்னாரில் வேதத்துக்காக வெட்டுப்பட்ட சனம் நம் சனம். ஆனால் போர்த்துக்கேயர் காலம், ஆகவே பிரசுரத்தில் இடமில்லை. ஜோசப் வாஸ் அடிகளார் 1687இல் ஒல்லாந்தரின் தடையை மீறி மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். தமிழும் சிங்களமும் பேசிக் காடுமேடெல்லாம் நடந்தார். 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தபோது அந்த வெயிலில் நானும் நின்றேன். மஞ்சள் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன், அவருக்கு ஒரு வரி இல்லை. போதிய அளவு பழசு இல்லைப்போல.