துப்பாக்கியில் குறை இல்லை

போன மாதம் மிலிட்டரி கேன்டீன் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் லீவில் வந்திருந்த ஒரு பையன். நான் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவன், அதாவது படையின் துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுது பார்க்கும் வேலை செய்தவன் என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்துவிட்டான்.

"சாப், டிராகுனோவ் எல்லாம் இப்ப டப்பா ஆயிடுச்சு. சாக்கோ வந்தாச்சு. இத்தனை வருஷம் அந்தப் பழைய ரஷ்யன் துப்பாக்கிய வெச்சு எப்படித்தான் ஓட்டினீங்களோ!"

அவனுக்குப் பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு மனசு கேட்கவில்லை. தொலைக்காட்சியில் பேசுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இது அரைகுறைத் தீர்ப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

டிராகுனோவ் என்பது அதை வடிவமைத்தவரின் பெயர். யெவ்கேனி டிராகுனோவ், 1920-ல் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் பிறந்தவர். ஆயுதத் தொழிற்சாலைகளால் பெயர் பெற்ற ஊர் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் சோவியத் ராணுவத்தில் துப்பாக்கி செப்பனிடும் வேலையில் இருந்தார். ஆமாம், அவரும் ஆர்மரர்தான். அதனாலேயே எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாசம் அதிகம். போருக்குப் பிறகு, போட்டிகளில் சுடுகிறவர்களுக்கான ரைஃபிள்களை வடிவமைத்தார். அவரே நன்றாகச் சுடக்கூடியவர்.

1950-களின் கடைசியில் சோவியத் ராணுவம் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ஸ்னைப்பர் துப்பாக்கி ஒன்று வேண்டும் என்று போட்டி வைத்தது. சிமோனோவ் போன்ற பெரிய ஆட்களும் அதில் இருந்தார்கள். டிராகுனோவின் வடிவம் ஜெயித்து 1963-ல் படையில் சேர்ந்தது.

"தானாக ஏற்றிக்கொள்ளும்" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பழைய முறையில் ஒவ்வொரு தடவை சுட்டபிறகும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். கை டிரிகரை விட்டு நகரும், உடம்பு அசையும், குறியிலிருந்து கண் விலகும். இதில் அந்த வேலை இல்லை. தோட்டா குழல் வழியே போகும்போது பின்னால் வரும் வெடிவாயுவில் கொஞ்சம் ஒரு சின்னத் துளை வழியாகப் பிரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். அது போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, காலி ஓட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். மேகசினில் பத்துத் தோட்டா. விரலை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால் போதும்.

பலர் இதைப் பெரிய ஏ.கே. 47 என்று நினைக்கிறார்கள். வெளியே பார்த்தால் சாயல் உண்டு. பிரித்துப் பார்த்தால் வேறு. ஏ.கே.வில் கனமான பிஸ்டன் போல்ட் தாங்கியோடு ஒட்டியே முழுத் தூரமும் ஓடும். இதில் பிஸ்டன் தனியாக ஒரு குட்டித் தட்டு தட்டிவிட்டு நின்றுவிடும். குழலின் அதிர்வைக் குறைக்க அவர் யோசித்த வழி அது. வெடிவாயுவின் அளவை மாற்ற ஒரு திருகு உண்டு. ஆயுதப்பெட்டி இல்லாத இடத்தில் தோட்டாவின் விளிம்பை வைத்தே அதைத் திருப்பிவிடலாம். வயலில் நின்று வேலை செய்தவனுக்குத்தான் அப்படித் தோன்றும்.

இவ்வளவு இருந்தும், நல்ல போல்ட் துப்பாக்கியின் துல்லியம் இதில் வராது. குழலோடு வாயு அமைப்பு ஒட்டியிருப்பதும், உள்ளே பாகங்கள் ஓடுவதும் காரணம். இது புதிதாகக் கண்டுபிடித்த குறை அல்ல. உலகப் போரிலேயே சோவியத்காரர்கள் எஸ்.வி.டி. 40 என்ற தானியங்கி ரகத்தில் ஸ்கோப் மாட்டிப் பார்த்தார்கள். பழைய மோசின் போல்ட் துப்பாக்கி அளவுக்குத் துல்லியம் வரவில்லை. 1942-ல் அதைக் கைவிட்டு மோசினுக்கே திரும்பினார்கள். எல்லாம் தெரிந்தேதான் இருபது வருஷம் கழித்து டிராகுனோவை ஏற்றார்கள்.

ஏன் ஏற்றார்கள்? தனியாகப் போய் நாள் கணக்கில் ஒளிந்திருந்து ஒரே ஒரு குண்டில் ஒருவனை வீழ்த்தும் வேட்டைக்காரனுக்காக அது செய்யப்படவில்லை. ஒவ்வொரு பிளட்டூனிலும் ஒருவன் கையில் இருக்க வேண்டும் என்று செய்தது. மற்றவர்களின் ஏ.கே. 300, 400 மீட்டரோடு நின்றுவிடும். எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக்காரனோ அதிகாரியோ அதற்கு அப்பால் இருந்தால், 600 மீட்டர், மிஞ்சிப்போனால் 800 மீட்டர் வரை எட்டிப் பிடிக்க ஒருவன் வேண்டும். படையோடு சேர்ந்து ஓடுவான், ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்குச் சட்டென்று மாறுவான். ஸ்கோப்போடு சேர்த்து 4.3 கிலோதான். முனையில் பாயோனெட் மாட்டக்கூட இடம் இருக்கிறது. ஒளிந்திருந்து சுடுகிறவனுக்கு எதற்கய்யா பாயோனெட்? அதைப் பார்த்தாலே இது யாருக்காகச் செய்தது என்று புரிந்துவிடும்.

அதன் ஸ்கோப் நாலு மடங்குதான் பெரிதாக்கும். தூரம் அளக்க உள்ளே ஒரு கோடு உண்டு. நிற்கும் மனிதனின் உயரம் 1.7 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, கால் அடிக்கோட்டிலும் தலை மேல்கோட்டிலும் படும்படி வைத்தால் தூரம் தெரியும். சமவெளிப் போருக்கு அருமையான ஏற்பாடு. மலைமுகட்டில் கல் பங்கருக்குப் பின்னால் அரைத்தலை மட்டும் காட்டுகிறவனை அந்தக் கோட்டில் எப்படி நிறுத்துவது?

நம் ராணுவம் இந்தத் துப்பாக்கியைப் பல வருஷம் காஷ்மீர் எல்லைக்கோட்டில் பயன்படுத்தியது. அங்கே வேலையே வேறு. மலைக்கு மலை எதிரெதிரே நிலைகள். உயரத்தில் காற்று மெலிதாக இருப்பதால், கீழே பழக்கிய குறியைவிடக் குண்டு மேலே போய்ப் படும். மேல்நோக்கிச் சுட்டாலும் சரி, கீழ்நோக்கிச் சுட்டாலும் சரி, சரிவில் குறி மேலேதான் போகும். பள்ளத்தாக்குக் காற்று தனிக் கணக்கு. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரே குண்டில் முடிக்க வேண்டிய இடம் அது. அதற்குப் பெரிய தோட்டா போடும் போல்ட் துப்பாக்கிதான் சரி. 2019-ல் பெரெட்டா, பாரெட் ரகங்களும், 2022 வாக்கில் பின்லாந்தின் சாக்கோவும் எல்லைக்கு வந்தது நியாயமான முடிவு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் வருத்தம் வேறு. புதியது வந்ததும் பழையதை "டப்பா" என்று சொல்லிவிட்டால், தப்பு எங்கே நடந்தது என்று யோசிக்கும் வேலை நின்றுவிடுகிறது. இதை நான் சொல்லக் காரணம் உண்டு. இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் ஒரு மலை நிலையில் இருந்தோம். விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவன் டிராகுனோவ் வைத்திருந்தான். நல்ல கை. ஒரு நாள் பயிற்சிச் சுடுதலில் 600 மீட்டர் குறியை வரிசையாகத் தவறவிட்டான். துப்பாக்கி என்னிடம் வந்தது. முழுவதும் பிரித்தேன். குழல் சுத்தம், பிஸ்டன் சரி, ஸ்கோப் பிடி ஆடவில்லை. "துப்பாக்கியில் குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பையனை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் என்னிடம் வந்து நின்றான். "அண்ணே, துப்பாக்கில குறை இல்லேன்னா, குறை என்கிட்டதானே?" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து அதே துப்பாக்கியில் வேறொருவன் சுட்டான். அவனுக்கும் அதே கதை. அப்போதுதான் தோட்டாப் பெட்டியைப் பார்த்தேன். குறி பழக்கியது ஒரு ரகத் தோட்டாவில், அன்றைக்குச் சுட்டது இயந்திரத் துப்பாக்கிக்கான தோட்டாவில். இரண்டும் ஒரே அளவு, மேகசினில் ஒரே மாதிரி உட்காரும். ஆனால் போய்ப் படும் இடம் வேறு. ரஷ்யர்கள் இதை அறிந்துதான் 1960-களின் பிற்பகுதியிலேயே டிராகுனோவுக்கென்று தனித் தோட்டா செய்தார்கள். எந்தத் தோட்டா போட்டாய் என்று அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. உடனே போய்ச் சொன்னேன். ஆனால் அதற்குள் அவன் மாற்றலாகிப் போய்விட்டான். முகவரியும் கிடைக்கவில்லை.

நான் எழுதியது உண்மைதான். துப்பாக்கியில் குறை இல்லை. ஆனால் பாதி உண்மையை எழுதி ஒரு பையனின் தன்னம்பிக்கையை உடைத்துவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன். துப்பாக்கி மட்டும் ஆயுதம் அல்ல. அதற்குரிய தோட்டா, ஸ்கோப், பக்கத்தில் படுத்துத் தூரமும் காற்றும் சொல்லும் துணையாள், வருஷம் முழுக்கச் சுட்டுப் பழகக் கிடைக்கும் தோட்டாக்களின் எண்ணிக்கை, எல்லாம் சேர்ந்ததுதான் ஆயுதம். புதுத் துப்பாக்கி எத்தனை வாங்கினோம் என்பது செய்தியாகிறது. ஒரு பையனுக்கு மாதத்துக்கு எத்தனை தோட்டா சுடக் கிடைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் வாங்கினால், சாக்கோவும் இருபது வருஷத்தில் "டப்பா" ஆகிவிடும்.

பழைய டிராகுனோவை ஒதுக்கவும் வேண்டாம். பிளட்டூனில் ஒருவன் கையில், அதற்கென்று பிறந்த தூரத்தில், அதற்கென்று செய்த தோட்டாவோடு கொடுத்தால் இன்னும் உழைக்கும். அமெரிக்கர்களும் போல்ட் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டே எம் 110 போன்ற தானியங்கி ரகங்களையும் வைத்திருக்கிறார்கள். அரிவாள்மனை இருக்கிறது என்று யாரும் பேனாக்கத்தியைத் தூக்கி எறிவதில்லை.

அடுத்த மாதம் கேன்டீனில் அந்த லீவுப் பையனைப் பார்த்தால் உட்கார வைத்து இதைச் சொல்ல வேண்டும். விழுப்புரத்துப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். அந்தப் பக்கத்து நண்பர்கள் யாராவது இதைப் படித்து, அவன் யார் என்று அடையாளம் தெரிந்தால், தப்பு தோட்டாவில்தான் இருந்தது என்று நான் சொன்னதாக அவனிடம் சொல்லிவிடுங்கள்.