ஆய்வகம் தயார், குறை சொல்ல ஆள் எங்கே?

நாடு முழுவதும் 15,000 பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் ஆய்வகங்கள் அமைக்கத் துணை நிற்போம் என்று 2026-27 நிதிநிலை அறிக்கையில் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அன்று தொடங்கிய கைதட்டல் இன்னும் ஓயவில்லை. 2030-க்குள் இந்தத் துறைக்கு 20 லட்சம் பேர் தேவைப்படுவார்கள் என்பது அரசின் கணக்கு. அறைகள் எத்தனை என்று சொல்லியாகிவிட்டது. வேலைகள் எத்தனை என்றும் சொல்லியாகிவிட்டது. அந்த அறையில் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி குதிக்கவிட்ட பந்தைப் பார்த்து, “ஏம்மா, இது ஏன் தண்ணிக்குள்ள விழற மாதிரி இருக்கு?” என்று கேட்கப்போகிறவர் யார்? அதைப் பற்றி மூச்சில்லை.

அனிமேஷன் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது குதிக்கும் பந்துதான். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் அதற்கு அரை மணி நேரம் போதும். பந்து எந்தக் கணத்தில் எங்கே என்று குறித்துவைக்கும் கீஃபிரேம் மேலே ஒன்று, தரையில் ஒன்று, மறுபடி மேலே ஒன்று. நடுவில் உள்ளதைக் கணினி நிரப்பிவிடும். ஓடவிட்டால் பந்து குதிக்கும், ஆனால் ரப்பர் பந்தாக இராது. குளத்துக்குள் அமுக்கிவிட்ட பலூனாக அசையும். இரண்டு கீஃபிரேம்களுக்கு இடையே பிளெண்டர் தானாகப் போடுவது வளைகோடு. ஒவ்வொரு கீஃபிரேமை நெருங்கும்போதும் அது வேகத்தைக் குறைக்கும், விலகும்போது மெல்லக் கூட்டும். உச்சியில் இது சரி. தரையில் தப்பு, தரையைத் தொடும் கணத்தில்தான் நிஜப் பந்து உச்ச வேகத்தில் இருக்கிறது. அந்த வளைகோட்டைக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, தரைப் புள்ளியின் இரு பக்கக் கைப்பிடிகளையும் முறித்து வளைவைக் கூராக்கினால் பந்துக்குக் கனம் வந்துவிடும். சொல்லிக்கொடுத்தால் ஒரு நிமிட வேலை. சொல்ல ஆளில்லாவிட்டால் அந்த மாணவி ஒரு மாதம் உட்கார்ந்தாலும் பிடிபடாது. நூறு முறை ஓட்டிப் பார்த்த கண்ணுக்கு அந்த மிதப்பே இயல்பாகிப்போயிருக்கும். இன்னொரு கண் வேண்டும்.

அந்த இன்னொரு கண்ணைக் காசு வாங்காமல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுத்துவருகிறவர்கள், உலகெங்கும் பொழுதுபோக்காகப் பிளெண்டரில் படம் செய்கிற சாதாரண மனிதர்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரோசண்டால் தன் ஸ்டுடியோவுக்காக 1990-களில் உருவாக்கியது அந்த மென்பொருள். அதை விற்ற நிறுவனம் 2002-இல் நொடித்தபோது, ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி மூலநிரலை விடுவித்தார்கள் அதன் ரசிகர்கள். அன்றைக்குக் கொடுத்தது பணம். அதன் பிறகு கொடுத்துக்கொண்டிருப்பது நேரம். பகலில் வேறு எங்கோ உத்தியோகம் பார்த்துவிட்டு, இரவில் முன்பின் தெரியாத ஒரு பையனின் எட்டு விநாடி நடையை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கிறார்கள்.

அவர்கள் குறை சொல்லும் முறையைக் கவனிக்க வேண்டும். ‘நன்றாக இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. ‘38-ஆவது ஃபிரேமில் இடது பாதம் தரையில் வழுக்குகிறது, உடம்பின் எடை இன்னும் வலது காலுக்கு மாறவில்லை’ என்பார்கள். இரண்டு கையும் ஒரே கணத்தில் ஒரே மாதிரி எழுந்தால், ஒன்றை மூன்று ஃபிரேம் தள்ளிவைத்துப் பார் என்பார்கள். வாயால் சொல்லிப் புரியாவிட்டால் அந்த ஃபிரேமின் மேலேயே கோடு கிழித்து, முதுகு எப்படி வளைய வேண்டும் என்று வரைந்து அனுப்புவார்கள். அதற்கும் முன்பு கேட்பது ஒன்று உண்டு: எந்தக் கட்டத்தில் இருக்கிறாய்? முக்கிய நிலைகளை மட்டும் வைத்திருக்கும் பிளாக்கிங் கட்டத்தில் இருப்பவனிடம் விரல் அசைவைப் பற்றிப் பேசுவது வீண். எல்லாம் முடித்துவிட்டவனிடம் கதையே சரியில்லை என்பது கொடுமை. சிக்கல் மென்பொருளில் என்றால், முதலில் கேட்பது பதிப்பு எண். 2019-இல் வந்த 2.80 பதிப்பு இடைமுகத்தையே தலைகீழாக்கியது. பழைய பாடத்தைப் பார்த்துப் பட்டன் தேடுகிற பிள்ளைகளுக்குப் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இதெல்லாம் ஒரு கலை. பட்ஜெட் உரையில் இதற்கு ஒரு வரி கிடையாது.

இந்தக் கலையின் மதிப்பை ஒரே ஓர் எண் சொல்லும்: 264. லெவன் செகண்ட் கிளப் என்று ஓர் அனிமேஷன் போட்டி பல ஆண்டுகளாக மாதந்தோறும் நடந்துவந்தது. ஏறத்தாழ 11 விநாடி ஒலித்துண்டு ஒன்றைக் கொடுப்பார்கள்; போட்டியாளர் அதற்கு ஒரு பாத்திரத்தை நடிக்கவைக்க வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 11 விநாடிக்கு 264 ஃபிரேம். ஒரு மாத உழைப்பு அதற்குள் அடக்கம். வெற்றி பெற்றவருக்குப் பரிசு என்ன தெரியுமா? அனுபவமுள்ள அனிமேட்டர் ஒருவர் அவருடைய 264 ஃபிரேமையும் ஓட்டி நிறுத்தி, எங்கெங்கே குறை என்று சொல்லிப் பதிவுசெய்து தரும் காணொளி விமர்சனம். முதல் பரிசு வாங்கியவனுக்குக் குறைப்பட்டியல்! அதை வாங்கத்தான் உலகம் முழுவதிலுமிருந்து போட்டி போட்டார்கள். தோற்றவர்களும் வெறுங்கையோடு போகவில்லை. சக போட்டியாளர்களின் கருத்துகள் அவர்களுக்குக் கிடைத்தன. நம்மூரில் ஒரு போட்டி வைத்து, முதல் பரிசு உன் படத்தின் தப்புகள் என்று அறிவித்துப் பாருங்கள். நடுவரைத் தேடிக்கொண்டு அப்பா அம்மா வந்துவிடுவார்கள்.

264-ஐ இன்னொரு பக்கம் திருப்பியும் பார்க்கலாம். சாதாரணக் கணினியில் ஒரு ஃபிரேமை ஒளியும் நிழலுமாக ரெண்டர் செய்ய இரண்டு நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். 264 ஃபிரேமுக்கு 528 நிமிடம், ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். இரவு முழுக்க மின்விசிறி இரைய இரைய ஓடி முடித்த படத்தைக் காலையில் ஒருவரிடம் காட்டுகிறவன் எதிர்பார்ப்பது பாராட்டை மட்டுமே. கால் வழுக்குகிறது என்று அப்போது சொன்னால் அவன் காதில் ஏறாது. ஏறினாலும் இன்னொரு ஒன்பது மணி நேரத்துக்குத் துணிய மாட்டான். அதனால்தான் அனுபவஸ்தர்கள், சாம்பல் நிற பொம்மையாக இருக்கும்போதே காட்டு என்கிறார்கள். வண்ணம் வேண்டாம், முடி வேண்டாம், பின்னணி வேண்டாம்; வேலை செய்யும் திரையான வியூபோர்ட்டில் தெரிவதை அப்படியே பதிவுசெய்து காட்டு. வேலை அசிங்கமாக இருக்கும்போதே அடுத்தவர் கண்ணில் படவைக்கும் துணிச்சல்தான் அனிமேஷன் கல்வியின் முதல் பாடம். நம் பள்ளிகளோ ஆண்டு விழாக் கண்காட்சிக்கு மெருகேற்றிய பொருளை மட்டுமே மேசையில் வைக்கப் பழகியவை. இந்த ஆய்வகங்களும் அப்படியே ஆகும்: கலெக்டர் வரும் நாளில் ஒரு பெரிய திரை, அதில் சுழலும் ஒரு லோகோ, கைதட்டல், குழுப் புகைப்படம்.

இதைச் சொன்னால் மூன்று தரப்பிலிருந்து பதில் வருகிறது. முதலில் கணினி வரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள் அதிகாரிகள். அரசாங்கத்தில் ‘பிறகு’ எப்போது வரும் என்பது நமக்குத் தெரியும். மேலே பேச ஒன்றுமில்லை. பிள்ளைகளைக் குறை சொன்னால் ஆர்வம் வாடிவிடும் என்பது இரண்டாவது தரப்பு. இவர்கள் குழந்தைகளையும் அறியாதவர்கள், அனிமேஷனையும் அறியாதவர்கள். எதைக் காட்டினாலும் ‘செம’, ‘மாஸ்’, ‘வேற லெவல்’ என்று மூன்று சொல்லால் முடித்துவைப்பதுதான் உண்மையான அலட்சியம். ஒரு மாதம் உழைத்தவனின் 264 ஃபிரேமைப் பார்க்க இருபது நிமிடம் ஒதுக்க மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த மரியாதையான தப்பித்தல் அது. 38-ஆவது ஃபிரேம் என்று எண்ணைக் குறிப்பிட்டுச் சொன்னால் பிள்ளைக்குத் தெரியும், இந்த மனிதர் என் வேலையை நிஜமாகவே பார்த்திருக்கிறார் என்று. அதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

மூன்றாவது தரப்பு, செயற்கை நுண்ணறிவு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடும் என்கிறது. நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 2022 டிசம்பரிலேயே சாட்ஜிபிடி எழுதிய பதில்களுக்குத் தடை போட்டது. பார்க்கச் சரியாகத் தெரிகிறது, சரியாக இருப்பது குறைவு என்பது அது சொன்ன காரணம். எழுத்தில் இருக்கும் நிரலுக்கே அந்தக் கதி என்றால், ஒரு பொம்மை மனுஷி நாற்காலியிலிருந்து எழும்போது முழங்காலில் பாரம் விழுகிறதா இல்லையா என்று இயந்திரம் சொல்லும் என நம்புகிறவர்களோடு வாதாட இந்தப் பத்தியில் இடமில்லை.

குறை சொல்வது பொழுதுபோக்குக்காரர்களின் பழக்கம், தொழிலுக்கு ஆகாது என்று யாரும் எண்ண வேண்டாம். 1930-களில் வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோவில் ‘ஸ்வெட்பாக்ஸ்’ என்று ஓர் அறை இருந்தது. காற்றோட்டமில்லாத சின்ன அறை. பென்சில் கோடுகளாக இருக்கும் காட்சியை ஓட்டி, டிஸ்னியும் மற்றவர்களும் அங்கே பிரித்து மேய்வார்கள். அனிமேட்டர்களுக்கு வியர்த்தது புழுக்கத்தால் மட்டுமல்ல. அந்தப் புழுக்கத்தைத் தாண்டித்தான் 1937-இல் ‘ஸ்நோ ஒயிட்’ வந்தது. பிக்ஸார் நிறுவனத்தில் ‘பிரெயின்டிரஸ்ட்’ என்ற குழு இருக்கிறது. இயக்குநரின் படத்தைப் பாதியில் பார்த்துக் குறைகளை முகத்துக்கு நேரே சொல்வார்கள். ஆனால் இதை மாற்று என்று உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது, முடிவு இயக்குநருடையது. பிளெண்டர் ரசிகர்கள் செய்வதும் அதுவேதான். சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு குறை சொல்லும் நம் வாத்தியார் முறைக்கும் இதற்கும் காத தூரம்.

அண்டை மாநிலத்தைப் பார்க்கலாம். கேரளத்தில் 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்கள் இயங்குகின்றன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள். கட்டற்ற மென்பொருளில் பிள்ளைகள் அனிமேஷன் பழகுகிறார்கள். ஒவ்வொரு மன்றத்துக்கும் பயிற்சி பெற்ற இரண்டு ஆசிரியர்கள். பள்ளி முகாமில் தேறியவர்கள் படிப்படியாக மாவட்ட முகாமுக்கும் மாநில முகாமுக்கும் போகிறார்கள்.  அறையைவிட ஆளை முதலில் எண்ணியிருக்கிறார்கள். 

எல்லா மேடையிலும் ‘ஃப்ளோ’ படத்தைக் காட்டிப் பேசுவது இப்போதைய வழக்கம். லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய, வசனமே இல்லாத பூனைக் கதை. பிளெண்டரில் செய்யப்பட்டு, 2025-இல் ‘இன்சைட் அவுட் 2’, ‘தி வைல்டு ரோபாட்’ போன்ற பெரிய ஸ்டுடியோ படங்களைத் தோற்கடித்து ஆஸ்கர் வாங்கியது. இலவச மென்பொருளும் ஒரு கணினியும் இருந்தால் ஆஸ்கர் நிச்சயம் என்பதுபோல் பேசுகிறார்கள். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஓர் அனிமேட்டர் படையே அந்தப் பூனையை நடக்கவைத்தது என்பதை மேடையில் விழுங்கிவிடுகிறார்கள்.

ஒரு கணக்கோடு விஷயத்துக்கு வருகிறேன். 15,500 ஆய்வகங்கள், ஒவ்வொன்றிலும் இருபது பிள்ளைகள், ஆளுக்கு மாதம் ஒரு 11 விநாடி. மாதத்துக்கு 3,10,000 துண்டுகள், எட்டுக் கோடியே பதினெட்டு லட்சம் ஃபிரேம்கள். ஒரு துண்டைப் பார்த்துக் குறை எழுத இருபது நிமிடம் என்றால், ஒரு லட்சத்து மூவாயிரத்துச் சொச்சம் மணி நேரம். ஒருவர் மாதம் 150 மணி நேரம் இதைச் செய்தால், தேவைப்படுவோர் ஏறக்குறைய 690 பேர். இருபது லட்சம் வேலை பற்றிப் பேசுகிற அரசுக்கு 690 பெரிய எண்ணா? சென்னை, ஹைதராபாத், மும்பை ஸ்டுடியோக்களில் இரவு பகலாக ஷாட் முடித்துக் கொடுத்துக் களைத்த அனிமேட்டர்கள் எத்தனையோ பேர். அவர்களை மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள். சம்பளமில்லாமல் இதையே செய்துகொண்டிருக்கும் பிளெண்டர் பொழுதுபோக்குக்காரர்களையும் அழையுங்கள். எந்தப் பட்டப்படிப்பு என்று கேட்காமல், ஒரு குதிக்கும் பந்தைக் காட்டி என்ன தப்பு என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

ஆய்வகத்துக்கு ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால், அங்கே பிள்ளைகளின் வேலையைப் பார்த்துக் குறை சொல்லப்போகும் இருவரின் பெயரை வாசலில் எழுதிவையுங்கள். எழுத முடியாத பள்ளிக்கு ஆய்வகம் வேண்டாம். அந்தப் பணத்தை அப்படியே கஜானாவில் வைத்திருங்கள்.