கலாநிதிகளின் பட்டியலும் தோல் கட்டியவர்களின் பெயரும்

2024 மார்ச்சில் டி.எம்.கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி என்று மியூசிக் அகாடமி அறிவித்ததும் மயிலாப்பூர் கொதித்தது. ரஞ்சனி - காயத்ரி உள்ளிட்ட சிலர் அந்த ஆண்டு அகாடமி மேடையே வேண்டாம் என்றார்கள். கிருஷ்ணா பெரியாரைக் கொண்டாடியது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. பிறகு எம்.எஸ்.சுப்புலட்சுமி பெயரிலான விருதை அவருக்குத் தரக்கூடாது என்று எம்.எஸ். குடும்பத்திலிருந்து வழக்கு, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் தோழர்கள் பலர் கிருஷ்ணாவுக்கு ஆதரவாக எழுதினார்கள். எழுத வேண்டியதுதான். ஆனால் மாதக்கணக்கில் நடந்த அந்தச் சண்டை, பட்டியலுக்குள் நுழையத் தகுதி உண்டு என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒருவரைப் பற்றியது. பட்டியலை எழுதுகிறவர் யார், யாருடைய உழைப்பு அதில் இசையாகவே கணக்கில் வராது என்ற பேச்சு ஓரமாகவே நின்றுவிட்டது.

அந்தப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். 1929-லிருந்து மாநாட்டுத் தலைவர்களின் வரிசை. 1942-இல் அது பட்டமாகிறது. முதல் பெண் வர 1968 ஆகிறது, எம்.எஸ். நாட்டியத்துக்காகப் பாலசரஸ்வதி வர 1973. மிருதங்கம் இல்லாமல் கச்சேரியே கிடையாது. ஆனாலும் மிருதங்கக்காரருக்கு அந்தப் பட்டம் 1966-இல், பாலக்காடு மணி ஐயரோடுதான் தொடங்குகிறது. நாகசுரக்காரர் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்து வாசிக்கலாம் என்று காட்டிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் இறந்தார். அவர் பெயர் பட்டியலில் இல்லவே இல்லை. இதையெல்லாம் வெறும் ரசனை வேறுபாடு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

இவர்கள் எல்லாரும் வாசித்தவர்கள், பாடியவர்கள், ஆடியவர்கள். மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல் வேண்டும், ஆட்டுத்தோல் வேண்டும், வார் பிடிக்க எருமைத்தோல் வேண்டும். தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வெட்டி, வலந்தலைக்குச் சோறு போட்டு, சுருதிக்கு இழுத்துக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகள்; தஞ்சையில் தலித் கிறித்தவக் குடும்பங்கள் பல தலைமுறையாக இதைச் செய்கின்றன. மணி ஐயர் வாசித்த மிருதங்கங்களைச் செய்த பர்லாந்து காதில் சுருதி இல்லாமலா செய்திருப்பார்? இந்தக் குடும்பங்களின் வரலாற்றைக் கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலாக எழுதினார். வெளியீட்டுக்கு அரங்கம் தருவதாகச் சொல்லியிருந்த கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் மறுத்தது. சமூக நல்லிணக்கம் கெடும் என்பது சொல்லப்பட்ட காரணம். பசுவின் தோலில் தாளம் போடும்போது கெடாத நல்லிணக்கம், அந்தத் தோலைப் பற்றி எழுதினால் கெட்டுவிடுகிறது.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவு திறக்காது. சாத்திய கதவுக்குத்தான் பூசை. திறக்காத கதவு எல்லாருக்கும் ஒன்றுதான். சிலருக்கு மட்டும் திறக்கிற கதவுதான் சிக்கல். இங்கிருந்து தேனி, போடி, தேவாரம் என்று போனால் பண்ணைப்புரம். இளையராஜா 2010-இல் பத்மபூஷண், 2018-இல் பத்மவிபூஷண் வாங்கினார். பத்மவிபூஷண் அறிவிப்பு வந்த அன்று ஓர் ஆங்கில நாளிதழ், தலித்துகளை ஈர்க்க அரசு செய்த காரியமாக அதற்குத் தலைப்புப் போட்டது. ஆயிரம் படங்களுக்கு இசை அமைத்தவருக்கும் விருது வந்தால் அது சலுகை! தன்னைச் சாதியோடு சேர்த்துப் பேசுவதை இளையராஜா விரும்பியதில்லை. அவர் அரசியலோடு நமக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் அந்தத் தலைப்பு அவருடைய விருப்பத்தைக் கேட்டு எழுதப்படவில்லை.

அவர் அண்ணன் பாவலர் வரதராஜன் கதை வேறு. 1958-இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகத் தோட்டத் தொழிலாளர்களிடம் பாடித் திரிந்தவர். தம்பிகளுக்கு முதல் மேடை அவருடைய கச்சேரிதான். இன்று அவர் 'இளையராஜாவின் அண்ணன்' என்ற அளவில் நினைக்கப்படுகிறார். இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோன கே.ஏ.குணசேகரன் பேராசிரியர், நாடகக்காரர், 'வடு' எழுதியவர். 2016-இல் மறைந்தார். அவர் குரல் கேட்டு அரசியலுக்கு வந்தவர்கள் நம் இயக்கங்களில் எத்தனை பேர்! ஆனால் இசை வரலாறு என்று எழுதும்போது அவரைப் 'பிரச்சாரப் பாடகர்' என்ற ஓரத்தில் நாமே தள்ளிவிடுகிறோம். கோயிலில் சாமிக்காகப் பாடினால் பிரச்சாரம் இல்லையாம்.

இனி சிக்கலான இடம். 2025-இல் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான். பறை இன்று கல்லூரி விழாவில் இருக்கிறது, போராட்டப் பந்தலில் இருக்கிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அடிக்கிறார்கள்; பெண் தொடக்கூடாது என்றிருந்த கருவியை அவர்கள் எடுத்தது பெரிய காரியம். ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களில் பறை என்ற சொல்லைவிடத் தப்பு, கொட்டு என்ற சொற்கள்தாம் அதிகம் காதில் விழும். அந்தச் சொற்களோடு சாவு வீட்டு வாசலும், 'டேய்' என்ற விளியும், கூலி என்று நீட்டப்பட்ட நெல்லும் சாராயமும் சேர்ந்தே வரும். 1980-களிலும் 90-களிலும் தமிழ்நாட்டின் பல சேரிகளில் இளைஞர்கள் இனி அடிக்க மாட்டோம் என்றார்கள். சில இடங்களில் கருவியை உடைத்தார்கள், எரித்தார்கள். மறுத்ததற்காக அடி வாங்கினார்கள், வேலை இழந்தார்கள்.

அவர்களும் இசை வரலாற்றில் வர வேண்டியவர்கள் என்பது என் வாதம். ஒரு கருவியை இழிவிலிருந்து மீட்டவர் அதை நன்றாக வாசித்தவர் மட்டும்தானா? கட்டாயத்துக்கு அடிக்க ஆள் கிடைக்காமல் போன பிறகுதான் 'விரும்பி அடிக்கும் பறை' என்ற ஒன்று பிறக்க இடம் கிடைத்தது. கீழே வைத்தவர்கள் இல்லாமல் கையில் எடுத்தவர்களின் மேடை இல்லை. இதைச் சொல்லாமல் 'ஆதித் தமிழனின் இசை' என்று மட்டும் புகழ்ந்தால், நாளைக்கு ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், "பத்மஸ்ரீ வாங்கின கலைப்பா, இதுல என்ன கேவலம், வந்து அடி" என்று சாவு வீட்டுக்குக் கூப்பிடுவதற்கு அந்தப் புகழே வசதியாகிவிடும். விருப்பமில்லாதவரை மிரட்டி அடிக்க வைப்பது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி கட்டாய உழைப்பு. விருது அந்தக் குற்றத்தைக் கழுவிவிடாது.

விருதே வேண்டாம், எல்லாம் அதிகாரத்தின் ஏற்பாடு என்று சில தோழர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒப்ப முடியவில்லை. தன் தெருக்காரர் ஒருவர் குடியரசுத் தலைவர் மாளிகையில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது வெறும் ஏற்பாடு அல்ல. ஆகவே கேட்போம், ஆனால் வேறு மாதிரி கேட்போம். அகாடமி ஒரு தனியார் சபை. அதன் பட்டியலில் ஓர் இடம் கேட்டுக் காத்திருப்பதில் எனக்கு ஆர்வமில்லை. கலைமாமணி நம் வரிப்பணம். அதில் கருவி செய்பவர்களுக்கு ஒரு பிரிவு வேண்டும். பறை ஒற்றை ஆளின் இசையல்ல, செட்டாக நின்று அடிப்பது. குழுவுக்கு விருது கொடுக்க அரசுக்கு ஏன் கை வரவில்லை? நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் தோல் கட்டுகிறவர் கலைஞர் என்றே பதியட்டும். பறைக்கு விருது தரும்போது வாசிக்கப்படும் பாராட்டுரையில் 'பண்பாடு' வருகிற அளவுக்குத் 'தீண்டாமை'யும் வரட்டும்.

இன்னொன்று, இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. டிசம்பர் சீசன் அழைப்பிதழில் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று பெயர்கள் இருக்கும். பட்டுச்சேலைக் கடைக்காரர் பெயரும் வங்கியின் பெயரும்கூட இருக்கும். மிருதங்க வித்வான் பெயருக்குக் கீழே அதைச் செய்தவர் பெயரை அச்சடிக்க ஒரு வரி போதும். எந்தச் சபா முதலில் அச்சடிக்கிறது என்று வருகிற சீசனில் பார்ப்போம்.