எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க!

மார்பகப் புற்றுநோய்னு பேச்சு வந்தா உடனே ரெண்டு வசனம் வரும். ஒண்ணு, "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லீங்க, நமக்கு வராது." இன்னொண்ணு, "அவங்கம்மாவுக்கு இருந்துச்சாம், அந்தப் பொண்ணு வேணாம்." ரெண்டுக்கும் வேர் ஒரே நினைப்பு: ஜீன்னா பொறக்கும்போதே எழுதின தலையெழுத்து.

அப்படி இல்லை மக்களே. தோலோ, கல்லீரலோ, மார்பகமோ, எல்லா செல்லுக்குள்ளயும் இருக்கறது கிட்டத்தட்ட ஒரே மரபணுத் தொகுப்புதான். அதுல எதைத் திறக்கணும், எதை மூடணும்னு சொல்ற மேஸ்திரி ஜீன்கள் சில இருக்கு. மார்பகத்துல அப்படி ஒரு மேஸ்திரி காட்டா-3. பால் குழாயின் உட்சுவர் செல்லை உட்சுவர் செல்லா உருவாக்கறது இவர் வேலை. பால் சுரக்கும் செல்களுக்கு எல்ஃப்-5னு இன்னொருத்தர். மார்பகம் பருவ வயசுலயும் கர்ப்பத்துலயும்தான் பெரும்பாலும் வளருதுங்கறதால, இவங்களுக்கு வருஷக்கணக்கா வேலை இருக்கு.

2006-ல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல ஜீனா வெர்ப் குழுவினர், வளர்ந்த எலியில காட்டா-3ஐ நீக்கிப் பார்த்தாங்க. கட்டி முடிச்ச குழாயில இருந்த செல்கள் அடையாளத்தை இழந்து பெருக ஆரம்பிச்சுது. அப்புறம் பிடிமானம் விட்டுப் போய், கடைசியில செத்தும் போச்சு. கட்டி முடிச்ச பிறகும் மேஸ்திரி கூடவே நிக்கணும் போல! 2008-ல் அதே குழு, எலியின் புற்றுக்கட்டிக்குக் காட்டா-3ஐத் திருப்பிக் கொடுத்தப்போ செல்கள் ஓரளவு ஒழுங்குக்கு வந்துச்சு, நோய் பரவறதும் குறைஞ்சுது.

மனுஷங்க கதை? 2012-ல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபணு வரைபட ஆய்வுல, 10 சதவீதத்துக்கும் மேற்பட்ட மார்பகக் கட்டிகள்ல காட்டா-3 பழுதாகியிருந்துச்சு. அது அம்மா கொடுத்த பழுது இல்லை. வாழும் காலத்துல கட்டிக்குள்ள வந்தது. மொத்த மார்பகப் புற்றுநோயில பரம்பரைப் பழுதால வர்றது 5 முதல் 10 சதவீதம்தான்.

அதுக்காகப் பரம்பரையே பொய்னு சொல்ல வரலை. பி.ஆர்.சி.ஏ. பழுது உள்ள குடும்பத்துல பரிசோதனை அவசியம். ஆனா அம்மாவுக்கு அந்தப் பழுது இருந்தாலும் பொண்ணுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். இதை வெச்சா ஜாதகம் மாதிரி சம்பந்தத்தைத் தட்டிக் கழிக்கறது?

இன்னொரு பக்கம், "வம்சத்துல இல்லை"ன்னு நம்பி, கட்டி தட்டுப்பட்டும் மாசக்கணக்கா சும்மா இருக்கறவங்களை நினைச்சாத்தான் பயமா இருக்கு. டாக்டர்கிட்ட போக வம்சாவளிச் சான்றிதழ் எதுக்குங்க?