இட்லி மாவுக்குப் பூட்டு போட்டது யாரு?

போன வாரம் அக்கா மக வீட்டுக்கு வந்திருந்தா. மதுரைக்குப் பக்கத்துல ஒரு தனியார் கல்லூரியில பயோடெக்னாலஜி கடைசி வருஷம். இட்லி மாவைப் புளிக்க வைக்கிற பாக்டீரியாதான் புராஜெக்ட்.

"மாமா, உங்க கிரெடிட் கார்டைக் கொஞ்சம் தர்றீங்களா?"ன்னா.

ஏதோ செல்போன் வாங்கப் போறான்னு நெனச்சேன். பார்த்தா ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை. முப்பது டாலருக்கு மேல! அந்தக் காசுக்கு எங்க ஊர்ல ஒரு குடும்பமே ஒரு வாரம் இட்லி சாப்பிடலாம். எழுதினது யாருன்னு பார்த்தேன். நம்ம நாட்டு அரசு நிறுவனத்துப் பேராசிரியர். அதாவது சம்பளம் நம்ம வரிப்பணம். (எந்தப் பத்திரிகைன்னு பேர் வேண்டாம், விடுங்க.)

உயிர்வேதிப் பொறியியல்னா பயப்பட வேண்டாம் மக்களே. ராத்திரி மாவுல நடக்கிறதை, சூடு, காத்து, புளிப்பு எல்லாம் அளந்து பெரிய தொட்டியில நடத்துறது. இன்சுலின், எத்தனால், நொதிகள் எல்லாம் அப்படித்தான் வருது. இதுக்குன்னே எல்சவியர் நிறுவனம் 1998ல இருந்து 'பயோகெமிக்கல் எஞ்சினியரிங் ஜர்னல்'னு ஒண்ணு நடத்துது. எழுதுறவர் பணம் கட்டினா எல்லாரும் படிக்கலாம். இல்லேன்னா சந்தா கட்டினவங்க மட்டும்தான்.

இந்த வியாபாரத்தைக் கொஞ்சம் பாருங்க. ஆராய்ச்சி செய்யறது விஞ்ஞானி. எழுதுறது அவர். சரியா தப்பான்னு சோதிக்கிறது இன்னொரு விஞ்ஞானி, பெரும்பாலும் காசு வாங்காம. கடைசியில அதையே நூலகம் காசு குடுத்து வாங்கணும். 'பத்திரிகை நடத்தச் செலவே ஆகாதா?'ன்னு கேட்பீங்க. ஆகும்தான். ஆனா எல்சவியரின் தாய் நிறுவனத்துல, 2023ல அறிவியல் பதிப்புப் பிரிவுக்கு நூறு ரூபாய் வந்தா லாபம் மட்டும் சுமார் 38 ரூபாய். எந்த ஹோட்டல்காரர் கனவு காண முடியும் இப்படி?

சரி, அரசு சும்மா இருந்துச்சான்னா, இல்ல. 2024 நவம்பர்ல 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்தாங்க. மூணு வருஷத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகம், சுமார் 13,000 பத்திரிகை. நல்ல விஷயம்தான். ஆனா 2025 ஜனவரியில தொடங்கினப்ப உள்ளே விட்டது அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகம், அரசு ஆய்வகங்களை மட்டும்தான். தமிழ்நாட்டுல பொறியியல் படிக்கிற புள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க எங்க படிக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அவங்க அப்பன் ஆத்தா தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டலையா?

ஒரு வேடிக்கை சொல்றேன். இட்லி மாவு உப்புறதுக்கு லூக்கோனோஸ்டாக்னு ஒரு பாக்டீரியாதான் முக்கியக் காரணம்னு 1965லயே ஒரு கட்டுரை வந்தாச்சு. வந்தது அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தோட பத்திரிகையில. இன்னைக்கு அதை யார் வேணாலும் ஓசியில படிக்கலாம். அமெரிக்காக்காரன் பத்திரிகை நம்ம இட்லியைத் திறந்து வெச்சிருக்கு. நம்ம வரிப்பணத்துல நம்மாளு எழுதினது பூட்டிக் கிடக்கு!

கோபத்தை முழுசா வெள்ளைக்காரன் மேல கொட்டிட்டும் தப்பிக்க முடியாது. மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014லயே கொள்கை வகுத்திருக்கு: எங்க காசுல செஞ்ச ஆய்வா, பத்திரிகை ஏத்துக்கிட்ட கடைசிப் பிரதியைப் பொதுத் தளத்துல போடு, சில மாசம் கழிச்சாவது எல்லாரும் படிக்கட்டும்னு. ஐயா பேராசிரியர்களே, மனசைத் தொட்டுச் சொல்லுங்க, எத்தனை பேர் போட்டீங்க? பத்து நிமிஷ வேலைங்க அது. போடாதவருக்கு அடுத்த நிதி கிடையாதுன்னு அரசு ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும், மறுநாளே அம்புட்டும் ஏறிடும்.

கடைசியில கார்டு தேவைப்படல. அவ அந்தப் பேராசிரியருக்கே ஒரு மெயில் தட்டினா. ராத்திரியே பி.டி.எஃப். வந்துடுச்சு, வாழ்த்தோட. நல்ல மனுஷன், சந்தோஷம். ஆனா சாவி அவர் பையிலயே இருந்திருக்கு பாருங்க. கூச்சப்பட்டு மெயில் போடாத புள்ளைங்க எத்தனை பேரோ?

டிஸ்கி: மருமகளே, புராஜெக்ட் முடிஞ்சதும் தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் குடு. மாவரைக்கிற உங்க அம்மாவும் படிக்கட்டும்.