பெர்லினில் மலிவான தெருச் சாப்பாடு: வரிசையைப் பார்த்து நிற்காதீங்க

1/ பெர்லின் போகிற தம்பி ஒருத்தர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார்: "டாக்டர், கையில காசு கம்மி. அந்த ஊர்க்காரங்க காலங்காலமா சாப்பிடுற கடைச் சாப்பாடு, இருக்கறதுலயே பெஸ்ட் எங்க கிடைக்கும்?" பதில் நீளமா வந்துடுச்சு. அதனால் இழையாகவே போடுகிறேன்.

2/ தேடினால் முதலில் வருவது கரிவுர்ஸ்ட். பொரித்த சாசேஜைத் துண்டு துண்டாக நறுக்கி, மேலே தக்காளி சாஸ், அதற்கு மேல் கறிப் பவுடர். பேப்பர் தட்டு, குட்டியாக ஒரு ஃபோர்க். நின்றபடியே சாப்பிட வேண்டும். பெரும்பாலும் 5 யூரோவுக்குள் முடிந்துவிடும். இப்படிப்பட்ட சின்னக் கடைக்கு அங்கே 'இம்பிஸ்' என்று பெயர்.

3/ இதன் கதை முக்கியம். போரில் பாதி ஊர் இடிந்து கிடந்த காலம். 1949 செப்டம்பர் 4 அன்று, சார்லோட்டன்பர்க் பகுதியில் கடை வைத்திருந்த ஹெர்டா ஹாய்வர் என்ற பெண்மணி இந்த சாஸைச் செய்தார். அந்த இடத்தில் இன்றும் நினைவுப் பலகை இருக்கிறது. (ஹாம்பர்க்காரர்கள் "எங்க ஊர்லதான் முதல்ல" என்பார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.) பசித்திருந்த ஊரில், உழைக்கிறவனுக்குக் குறைந்த காசில் சூடாக ஒரு வாய். இதுதான் அதன் வேலை.

4/ எந்த லிஸ்ட்டை எடுத்தாலும் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று, 1930இல் தொடங்கிய கொனொப்கே. எபர்ஸ்வால்டர் ஸ்ட்ராஸே ஸ்டேஷனில் ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கிறது. கிழக்கு பெர்லினுக்கு 1960இல் கரிவுர்ஸ்ட்டைக் கொண்டுவந்த கடை. இன்னொன்று, மேரிங்டாமில் இருக்கும் கரி 36. இரண்டும் நல்ல கடைகள்தான். ஆனால் ஐந்து நிமிஷத்தில் தின்று முடிக்கிற பண்டத்துக்கு அரை மணி நேரம் எதற்கு நிற்கணும்? அந்த வரிசை ருசியைப் பார்த்து நிற்பதில்லை, லிஸ்ட்டைப் பார்த்து நிற்கிறது.

5/ நான் பார்க்கிறது நாலே விஷயம்:
• வார நாளில், மதியம் 12 மணிக்கு யார் நிற்கிறார்கள்? கட்டட வேலைக்காரர், பஸ் டிரைவர், வயதானவர்கள் என்றால் தைரியமாக நில்லுங்க.
• மெனு சின்னதாக இருக்கா?
• சாசேஜ் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்து, புதுசு கல்லில் விழுகிறதா? இல்லை, காலையிலிருந்து ஓரமாகக் காய்கிறதா?
• இறைச்சியைத் தொடுகிற கையும் காசைத் தொடுகிற கையும் ஒன்றா?

6/ "மிட் டார்ம்? ஓனே டார்ம்?" என்று கேட்பார்கள். குடல் தோலோடு வேணுமா, தோல் இல்லாமலா என்று அர்த்தம். தோல் இருந்தால் கடிக்கும்போது மொறுமொறு. தோல் இல்லாதது பெர்லினுக்கே உரியது. ஃப்ரைஸுக்குப் பதிலாக ஒரு ரொட்டி கேளுங்க. காசும் குறையும், எண்ணெயும் குறையும்.

7/ சரி, என் பெஸ்ட் எது? கரிவுர்ஸ்ட்டே இல்லை! 'ஃப்ளைஷெரை' என்று போர்டு போட்ட பழைய கறிக்கடைகளில் மதியம் மட்டும் சூடாகச் சாப்பாடு போடுவார்கள். பட்டாணியும் உருளைக்கிழங்கும் குழைய வெந்த 'ஐன்டோஃப்', அதாவது ஒரே பானைச் சாப்பாடு. இல்லாவிட்டால் 'புலெட்டெ' எனும் கறி வடை, கூடவே உருளைக்கிழங்கு சாலட். வயிறு நிறையும். மதியத்துக்கு மேல் போனால் பானை காலி.

8/ பயிற்சிக்காகச் சில வாரம் அங்கே இருந்தபோது, கூட வேலை பார்த்த நர்ஸம்மா ஒருவர்தான் இப்படி ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். கைத்தடியோடு ஒரு பெரியவர் வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே கடைக்கார அம்மா கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, ஏதோ அதட்டலாகக் கேட்டார். என்னவென்று நர்ஸிடம் விசாரித்தேன். "நேத்து ஏன் வரலைன்னு கேக்குறாங்க. தனியா இருக்கிற மனுஷன்."

9/ ஒரு டாக்டராக எனக்கு அது மருந்துச் சீட்டுக்குச் சமம். தனியாக வாழும் முதியவர்கள் சமைக்க அலுத்துப்போய் காய்ந்த ரொட்டியோடு நாளை ஓட்டுவதும், உடம்பு இளைப்பதும், யாரும் கவனிக்காமல் போவதும் எங்களுக்குத் தினசரிக் காட்சி. ஜெர்மனியில் இந்தச் சின்னக் கறிக்கடைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. நாம் எல்லோரும் அதே இரண்டு கடை வாசலில் போய் நின்றால், பக்கத்துத் தெரு பானை அணைந்துபோகும். அதுதான் என் ஆதங்கம்.

10/ இப்போ வைத்தியர் பேச்சு. சாசேஜ் பதப்படுத்திய இறைச்சி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் இதைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை அளவுக்கு ஆபத்து என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆதாரம் அவ்வளவு உறுதி என்று அர்த்தம். தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ரிஸ்க் ஏற்கெனவே இருப்பதைவிட சுமார் 18% கூடும். 'தினமும்' என்ற வார்த்தையைக் கவனிங்க. டூரில் ஒரு நாள் தின்றால் ஒன்றும் ஆகாது. படிக்கப் போன பிள்ளைகள் மலிவு என்று தினமும் அதையே ராத்திரிச் சாப்பாடு ஆக்குவதுதான் தப்பு. வாரத்துக்கு எல்லா இறைச்சியும் சேர்த்து 300 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது ஜெர்மனியின் ஊட்டச்சத்துச் சங்கமே.

11/ ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பேக்கரியில், கறிக்கடையில் ரொட்டி மேல் சிவப்பாகத் தடவி வெங்காயம் தூவி 'மெட்' என்று விற்பார்கள். அது வேகவைக்காத பன்றிக் கொத்துக்கறி! அங்குள்ளவர்கள் விரும்பிச் சாப்பிடுவார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் தொடவே கூடாது. யெர்சினியா, ஹெப்படைட்டிஸ் ஈ இரண்டும் அந்த வழியாக வரலாம்.

12/ சுகர் இருக்கிறவர்கள்: அந்த சாஸில் சர்க்கரை உண்டு, ஓரமாக ஊற்றச் சொல்லுங்க. பிபி இருக்கிறவர்கள்: உப்பு தூக்கல்தான், ஐன்டோஃபிலும் சேர்த்து. பன்றி சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்க. பட்டாணிக் குழம்பிலேயே பன்றிக்கொழுப்பு இருக்கும். சைவர்களுக்குப் பல இம்பிஸ்களில் இறைச்சி இல்லாத கரிவுர்ஸ்ட் கிடைக்கிறது.

13/ ஆக தம்பி, லிஸ்ட்டை மூடி வை. மதியம் பன்னிரண்டுக்குத் தங்கியிருக்கும் தெருவில் ஒரு நடை நட. வேலைக்காரர்களும் தாத்தா பாட்டிகளும் நிற்கும் கடையில் போய் நில். கரிவுர்ஸ்ட் ஒரு நாள், ஐன்டோஃப் மற்ற நாள். சாப்பிட்டுட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லு.